கட்டம் போட்ட சேலை

முதலில் நூலைக் குற்றம் சொன்னேன். பிறகு அச்சை. அதற்குப் பிறகு என் மனைவியை. மழை தொடங்குவதற்கு முந்தைய அந்த வாரங்களில் என் தறியில் ஒரு கோடு வளைந்துகொண்டே இருந்தது. அதற்கு யாராவது ஒருவர் பதில் சொல்லியாக வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருந்தேன்.

தறி என்றதும் பட்டறை எதையும் நினைக்க வேண்டாம். மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டு முன்னறையில், முன்பு சோபா கிடந்த இடத்தில் நிற்கும் ஒற்றை மரத்தறி அது. நான் பரம்பரை நெசவாளியும் இல்லை. நில அளவை அலுவலகத்தில் புலப்படம் வரைந்தவன். வயலின் எல்லையைத் தாளில் இறக்குவதுதான் வேலை. கோடு ஒரு மயிரிழை தள்ளிப்போனால் அண்ணன் தம்பி இரண்டு பேர் கோர்ட்டு வாசலில் நிற்பார்கள். அதனால் வரைந்து முடித்ததும் தாளைக் கண் மட்டத்துக்குத் தூக்கி, இடது கண்ணை மூடி, வலது கண்ணைக் கோட்டோடு ஓடவிட்டுப் பார்ப்பேன், தச்சர் பலகையைப் பார்ப்பதுபோல. வேலை முடிந்தும் அந்தப் பழக்கம் போகவில்லை. கதவு, அலமாரி, சுவரில் மாட்டிய படம் என்று எல்லாவற்றையும் ஒற்றைக் கண்ணால் பார்த்துத் தீர்ப்புச் சொல்வேன். உறவுக்காரர் வீட்டுக்குப் போனால் அவர்கள் காலண்டரை நேராக்கிவிட்டுத்தான் உட்காருவேன். என்னை ஏன் யாரும் அடிக்கடி கூப்பிடுவதில்லை என்று மனைவிக்குத் தெரியும்.

ஓய்வு பெற்றதும் கை அரித்தது. புதுச்சேரியில் ஓர் அம்மாள் வார இறுதிகளில் நெசவு சொல்லிக்கொடுக்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன். போனவன் ஒரு தறிக்கும் சொல்லிவிட்டு வந்தேன். சோபா மாடிக்குப் போனது. மனைவி அதற்காகச் சண்டை போடவில்லை, ஆனால் இன்று வரை மன்னிக்கவும் இல்லை. கைத்துண்டு, தலையணை உறை, மேசை விரிப்பு என்று முதல் வருடம் ஓடியது. உறவில் ஒரு வீடு விடாமல் என் துண்டு போய்ச் சேர்ந்த பிறகு ஒருநாள் அவள் சொன்னாள்.

“துண்டு துண்டா எத்தினி நாளைக்கு மாமா நெய்வீங்க? எனக்கு ஒரு சேல நெய்ஞ்சி குடுங்க பாக்கலாம். கட்டம் போட்டது. பெரிய கட்டம் வேணாம், பொடிக் கட்டம்.”

கிண்டலாகத்தான் சொன்னாள். நான் அதைச் சவாலாக எடுத்துக்கொண்டேன். வெள்ளையில் கருநீலக் கோடுகள், விரல்நகம் அளவுக்குக் கட்டங்கள், சேலை நீளம் முழுக்க. பூப்போட்ட துணியில் தவறு செய்தால் பூவுக்குள் மறைந்துவிடும். கட்டத்தில் எதுவும் மறையாது. நீளவாக்கில் ஓடும் பாவு நூலை ஓர் இழை தவறாகக் கோத்தால் சேலை முடியும்வரை அந்தத் தவறு கூடவே வரும். குறுக்கே போகும் ஊடையை ஒருமுறை அழுத்தி அடித்து ஒருமுறை மெல்ல அடித்தால் சதுரம் நசுங்கிவிடும். எனக்கென்றே செய்த வேலை என்று நினைத்தேன். கோடு என்றால் நான்தானே.

பாவு சுற்ற ஓர் ஆள் போதாது. சிதம்பரத்திலிருந்து மனைவியின் அண்ணன் வந்தார். எனக்கும் அவருக்கும் ஒரே வயதுதான், அதனால் இருவருக்குமே மச்சான் மச்சான்தான். அவர் நூலை இழுத்துப் பிடித்துக்கொள்ள, நான் சுற்றினேன். ஒவ்வொரு நூலாக, சீப்புபோல இருக்கும் அச்சின் பற்களுக்குள் கோத்து, முரசு மாதிரி இறுகும்வரை இழுத்துக் கட்டினோம். “இந்தக் கட்டத்துல செஸ் ஆடலாம் மச்சான்” என்றார். அன்று எல்லாமே நேராக இருந்தது. அதை நான் வலது கண்ணால்தான் பார்த்தேன்.

ஒரு முழம் நெய்திருப்பேன். வழக்கம்போலக் குனிந்து, ஒரு கண்ணை மூடி, கோடுகளின் மேல் பார்வையை ஓட்டினேன். நடுவில் ஒரு கருநீலக் கோடு லேசாகப் புடைத்திருந்தது. வரப்பு ஓரத்தில் யாரோ மண்ணை வெட்டித் தள்ளியதுபோல. பக்கத்துக் கோடும் அதோடு சேர்ந்து நெளிந்தது. நூல் மட்டமானது என்று முடிவு செய்து, நெய்த முழத்தையும் பிரித்தேன். நெய்வதைவிடப் பிரிப்பது கொடுமை. ஒவ்வொரு இழையாக, ஊடை நூலைச் சுமந்து போகும் நாடாவைத் திருப்பி அனுப்பி நூலைச் சுற்றி எடுக்க வேண்டும். வாயில் நல்ல வார்த்தை ஒன்று வராது.

மறுபடி நெய்தேன். மறுபடி அங்கேயே புடைப்பு. அங்கேயே என்றால் துணியின் நடுவில். இப்போது அச்சின்மேல் சந்தேகம். கடல் காற்று, உப்பு, துரு ஏறிப் பல் வளைந்திருக்கும் என்று நெய்ததை மறுபடி பிரித்து, அச்சைக் கழற்றித் துடைத்து, நூலையெல்லாம் உருவி மறுபடி கோத்தேன். அதற்கே வாரம் போயிற்று. இரண்டு நாள் நெய்துவிட்டுக் கண்ணை மூடி நடுவைப் பார்த்தால், புடைப்பு அங்கேயே. பெருமூச்சு விட்டேன். பார்வையை ஓரத்துக்கு நகர்த்தினேன். நடு நேரானது, ஓரம் புடைத்தது.

அது ஒரே இடத்தில் நிற்கவில்லை. நான் எங்கே பார்க்கிறேனோ அங்கே வந்தது. இதை எழுதும்போது எல்லாம் விளங்குகிறது. அன்று எனக்கு விளங்கியது ஒன்றுதான், யாரோ தறியை அசைக்கிறார்கள். பெருக்கும்போது நகர்த்தினாயா என்று மனைவியிடம் கத்தினேன். அவள் துடைப்பத்தை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அன்றிலிருந்து முன்னறையை நானே பெருக்கினேன்.

மச்சானுக்குப் போன் போட்டு, நீர் நூலைத் தளர்வாகப் பிடித்திருக்கிறீர் என்றேன்.

“மச்சான், ஒண்ணு கேக்குறேன். இழுத்துக் கட்டுன நூலு எப்பிடி வளையும்?”

“வளையுதே. கண்ணால பாக்குறேன்.”

“அதான் எனக்கும் புரியல. தளந்தா தொங்கும், இல்லன்னா அறுந்துரும். வளைஞ்சி நிக்காது.”

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. போனை வைத்துவிட்டேன். ஆனால் அவர் சொன்னது உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. இழுத்துக் கட்டிய இரண்டு முனைக்கு நடுவே நேர்கோட்டைத் தவிர வேறெதுவும் இருக்க முடியாது. வயலில் அளவுச் சங்கிலி பிடித்து இழுத்த காலத்திலிருந்து எனக்குத் தெரிந்த விஷயம் அது. தறியைப் பார்க்கவே பிடிக்காமல் போயிற்று. முன்னறையைக் கடக்கும்போது அந்தப் பக்கம் திரும்பாமல் நடந்தேன்.

மூன்றாம் முறை பிரிக்க உட்கார்ந்தபோது மனைவி அடுக்களையிலிருந்து வந்தாள். கையில் வெங்காய வாசம்.

“மறுபடியுமா? எங்க வளைஞ்சிருக்கு காட்டுங்க.”

காட்டினேன். அவள் குனிந்து பார்த்தாள். விரலால் தடவினாள்.

“எனக்கு நேராதான் தெரியுது. எப்பப் பாத்தாலும் அந்த ஒத்தக் கண்ணாலயே பாத்துக்கினு. ரெண்டு கண்ணு எதுக்குக் குடுத்திருக்கான்?” என்று சொல்லி, அந்த ஈரக் கையால் என் வலது கண்ணைப் பொத்தினாள். “இப்பப் பாருங்க.”

பார்த்தேன். கட்டங்கள் ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக, ஓரம் முதல் ஓரம் வரை, அச்சடித்த தாள் போல நேராக இருந்தன.

“நேரா இருக்கா இல்லியா?”

“இருக்கு.”

“சொன்னேன்ல” என்று கையை எடுத்துக்கொண்டு போனாள். குழம்பைத் தாளிக்கும் சத்தம் கேட்டது. நான் இடது கண்ணை மூடினேன். கோடு வளைந்தது. வலது கண்ணை மூடினேன். நேரானது. மாற்றி மாற்றி மூடிக்கொண்டே இருந்தேன். நூலில் ஒன்றுமில்லை, அச்சில் ஒன்றுமில்லை, தறியை யாரும் நகர்த்தவில்லை. நல்ல துணியை, குறையே இல்லாத துணியை, இரண்டு முறை பிரித்துப் போட்டிருந்தேன்.

அன்றே டாக்டரிடம் போயிருக்க வேண்டும். போகவில்லை. டாக்டர் வாயிலிருந்து ஒரு சொல் வந்துவிட்டால் மனைவி என்னைத் தறிப்பக்கமே விடமாட்டாள். சேலையைத் தறியிலிருந்து அறுத்து எடுத்த மறுநாள் போகலாம் என்று கணக்குப் போட்டேன். அதைத் தைரியம் என்று நினைத்துக்கொண்டேன். உண்மையில் பயம். கேட்காதவரை அது வெறும் கோணல் கோடுதான், கேட்டுவிட்டால் அதற்கு ஒரு பெயர் வந்துவிடும்.

வலது கண்ணை மூடிக்கொண்டு வெறிபிடித்தவன்போல நெய்தேன். ஒற்றைக் கண்ணால் நாடா எவ்வளவு தூரத்தில் வருகிறது என்று தெரியாமல் ஓரத்தில் இடித்துக்கொண்டேன். வெளியே மழை பிடித்துக்கொண்டது. கெடிலம் ஆற்றில் தண்ணீர் ஏறுகிறது என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். மரமெல்லாம் ஈரம் குடித்து, மிதிக்கும் கட்டைகள் முனகின. மனைவி மட்டும் சந்தோஷமாக இருந்தாள். சண்டை ஓய்ந்தது, துணி வளர்கிறது, புருஷனுக்குப் புத்தி வந்துவிட்டது என்று நினைத்தாள்.

ஓய்வு நேரத்தில் நான் சோதனை செய்தேன், யாருக்கும் தெரியாமல். சன்னல் கம்பியைப் பார்த்தேன், வளைந்தது. மஞ்சக்குப்பம் மைதானத்தில் மழைவிட்ட சாயங்காலம் பையன்கள் நட்டிருந்த ஸ்டம்பைப் பார்த்தேன், நடுக்குச்சி நெளிந்தது. சில நாள் கழித்து நடுக்குச்சியே இல்லை. அந்த இடத்தில் சாம்பல் நிறமாக ஒரு கறை மட்டும் இருந்தது. கண்ணைக் கசக்கினேன். கறை போகவில்லை. வீட்டுக்கு வந்து இன்னும் வேகமாக நெய்தேன்.

சேலையில் ஒரு முழத்துக்குமேல் மீதம் இருந்தபோது சிதம்பரத்தில் மச்சானின் பேத்திக்குக் காதுகுத்து. காலையிலேயே போய்விட்டோம். விசேஷத்துக்கு முன் கோயிலுக்குப் போனோம். பிராகாரத்தில் தூண்கள் வரிசையாக நின்றன. பழக்கதோஷம், இடது கண்ணை மூடி வரிசை பிடித்துப் பார்த்தேன். எந்தத் தூணைப் பார்த்தேனோ அந்தத் தூணுக்கு இடுப்பு இல்லை. மேலே கொஞ்சம், கீழே கொஞ்சம், நடுவில் சாம்பல். அவ்வளவு பெரிய கல்லை ஒரு கறை தின்றுவிட்டது. மனைவி சாமி கும்பிட்டுக்கொண்டிருந்தாள். நான் என்ன வேண்டிக்கொள்வது என்று தெரியாமல் நின்றேன்.

பந்தியில் மனைவி எனக்கு எதிர் வரிசையில் உட்கார்ந்தாள். வேண்டாம் வேண்டாம் என்று மனசு சொன்னாலும் இடது கண்ணை மூடிப் பார்த்தேன். அவள் தோடு தெரிந்தது. பூ தெரிந்தது. புடவைக் கரை தெரிந்தது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் முகம் இல்லை. கண்ணைத் திறந்தேன், இருந்தாள். மூடினேன், இல்லை.

“என்னா மச்சான், இந்த வயசுல பந்தியில உக்காந்து பொண்டாட்டிக்குக் கண்ணடிக்கிறீங்க?” என்றார் மச்சான். வரிசை முழுக்கச் சிரித்தது. மனைவியும் வெட்கத்தோடு சிரித்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். நான் சிரிக்கவில்லை. சிரிக்க முயன்றேன், வரவில்லை. அவள் சிரிப்பு மெல்ல இறங்கியது. சாப்பிட்ட இலையை மடிக்காமலே எழுந்து என் பக்கம் வந்தாள்.

“அந்தக் கண்ணா?” என்று மட்டும் கேட்டாள்.

தலையை ஆட்டினேன்.

மச்சான் வேட்டியை மாற்றக்கூட இல்லை. கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். டாக்டர் சின்னப் பெண். சொட்டுமருந்து விட்டு, விளக்கடித்து, படம் எடுத்து, கடைசியில் என் கையில் ஓர் அட்டையைக் கொடுத்தார். வெள்ளைத் தாளில் பொடிப் பொடியாகக் கட்டங்கள்.

“ஒரு கண்ண மூடிக்கிட்டு நடுப் புள்ளியப் பாருங்க சார். கோடு எங்கயாவது வளையுதா?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுகையும் வந்திருக்கும். அவர்கள் அட்டையில் அச்சடித்து வைத்திருப்பதைத்தான் நான் முழக்கணக்கில் நெய்துகொண்டிருந்தேன். என் முன்னறையில் என் கையாலேயே சோதனை நடந்திருக்கிறது, முடிவும் சொல்லியிருக்கிறது. நான்தான் முடிவைப் பிரித்துப் பிரித்து எறிந்திருக்கிறேன்.

விழித்திரையின் நடுவில் கசிவு என்றார். கண்ணுக்குள் ஊசி போடுவார்களாம், திரும்பத் திரும்பப் போட வேண்டிவருமாம். “எப்பலருந்து சார் இப்பிடி இருக்கு?” என்று கேட்டார். சொன்னேன். பேனாவை மேசையில் வைத்தார். “முதல்லயே வந்திருந்தா நல்லா இருந்திருக்கும். இருக்கிறதக் காப்பாத்தலாம். போனதத் திருப்பித் தர முடியாது. இடது கண்ணுலயும் ஆரம்பம் மாதிரி தெரியுது. இப்ப பயம் இல்ல, ஆனா தினமும் இந்த அட்டையப் பாருங்க. ஒரு கோடு வளைஞ்சாலும் அன்னிக்கே வந்துரணும்.”

பஸ்ஸில் மனைவி சன்னலோரம் உட்கார்ந்தாள். ஆலப்பாக்கம் தாண்டிய பிறகு, “சேலைக்காகவா சொல்லாம இருந்தீங்க?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன். “எவன் கேட்டான் இந்தச் சேலைய” என்றாள். பிறகு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். கடலூர் வரும்வரை எடுக்கவில்லை.

முதல் ஊசிக்குப் பிறகு தறிமேல் ஒரு பழைய போர்வையைப் போட்டு மூடிவிட்டாள். நான் எதுவும் கேட்கவில்லை. கேட்கும் தகுதி எனக்கு இல்லை என்று தெரியும். மழை ஓய்ந்து, வெயில் வந்த ஒரு காலையில் அவளே போர்வையை எடுத்தாள். ஸ்டூலைக் கொண்டுவந்து எனக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள்.

“இதப் பாதியில விட்டா வீட்டுக்குள்ள நடமாட முடியல. நீங்க கையால நெய்ங்க. நான் கண்ணால பாக்குறேன்.”

அப்படித்தான் முடித்தோம். நான் நாடாவை விடுவேன், அடிப்பேன், விரலால் தடவுவேன். அவள் “சரி” என்பாள், “கொஞ்சம் மெதுவா” என்பாள், கோட்டு நூல் மாற்ற வேண்டிய இடத்தில் என் மணிக்கட்டைத் தொடுவாள். கல்யாணமானதிலிருந்து அவள் சொல்லி நான் இத்தனை கேட்டதில்லை. கடைசி இழை போனதும் அவளே கத்தரியை எடுத்து அறுத்தாள். இழுபட்டுக்கிடந்த பாவு பட்டென்று தளர்ந்து விழுந்தது.

அலசி, காயவைத்து விரித்தபோது அவள்தான் கண்டுபிடித்தாள். நான் ஒற்றைக் கண்ணால் அவசர அவசரமாக நெய்த பகுதியில் ஒரு குறுக்குக் கோடு நிஜமாகவே சாய்ந்திருந்தது. கண் காட்டிய கோணலைப் பிரித்தவன் கை செய்த கோணலைப் பார்க்கவில்லை. அவள் அந்தப் பகுதி கொசுவத்துக்குள் மடியும்படி கட்டிக்கொண்டாள். “உள்ள இருந்துட்டுப் போவுது” என்றாள்.

டாக்டர் கொடுத்த அட்டை அலமாரியில்தான் இருக்கிறது. எங்களுக்கு அது தேவைப்படவில்லை. தினமும் காலையில் அவள் அந்தச் சேலையின் முந்தானையை விரித்துப் பிடித்துச் சன்னல் வெளிச்சத்தில் நிற்பாள். சேலையைக் கட்டியிருக்கும் நாளில் கட்டியபடியே நிற்பாள். நான் முதலில் இடது கண்ணை மூடுவேன். வலது கண்ணுக்கு அவளை நேராகப் பார்த்தால் அவள் இல்லை, கொஞ்சம் தள்ளிச் சன்னலைப் பார்த்தால் ஓரத்தில் இருப்பாள். அது பழகிவிட்டது. பிறகு வலது கண்ணை மூடுவேன். அப்போது அவள் மூச்சுவிடுவதுகூட நின்றுபோகும்.

“நேரா இருக்கா மாமா?”

“நேரா இருக்கு.”

அதற்குப் பிறகுதான் எங்கள் வீட்டில் காப்பி.

நேற்று முன்தினம் சேலையைக் கட்டிக்கொண்டு நின்றாள். ஏதோ கல்யாணத்துக்குப் போக வேண்டும். வலது கண்ணை மூடினேன். அவள் தோளுக்குக் கீழே ஒரு கருநீலக் கோடு லேசாகத் தூக்கி நின்றது. சாய்ந்த கோடாக இருக்கும் என்று நினைத்தேன். அப்படி இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். அன்று கொசுவத்தை மாற்றி வைத்திருப்பாள், உள்ளே இருக்க வேண்டியது வெளியே வந்திருக்கும்.

“நேரா இருக்கா மாமா?”

எழுந்து போய் அந்தக் கோட்டின்மேல் விரலை வைத்தேன். தோளிலிருந்து ஓரம்வரை தடவினேன். விரலுக்கு அது நேராக இருந்தது. சாய்ந்த கோடு கீழே, கொசுவத்துக்குள், அதன் இடத்திலேயே இருந்தது. மறுபடி பார்த்தேன். கண்ணுக்கு வளைந்திருந்தது.

நேராக இருக்கு என்று சொல்ல வாய் வந்துவிட்டது. கல்யாணத்துக்குப் போய்விட்டு வரட்டும், ஒருநாள்தானே என்று தோன்றியது. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தக் கண்ணுக்கு அவள் முகம் இன்னும் முழுசாகத் தெரிந்தது.

“இல்ல” என்றேன். “ஒரு கோடு வளையுது.”

அவள் எந்தக் கோடு என்று கேட்கவில்லை. அந்தச் சேலையோடேயே போய்ப் பையை எடுத்தாள், கதவைப் பூட்டினாள், என் கையைப் பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள்.